‘சிப்பி இருக்குது’ சுருதி ஏறினது எப்படி?

பதுளை ரேடியோ: ‘வறுமையின் நிறம் சிவப்பு’ பத்தி இங்க ஒருத்தர் எழுதியிருக்கிறதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியல. ‘சிப்பி இருக்குது’ பாட்டை எஸ்.பி.பி.யும் ஜானகியும் படத்துக்காகச் சுருதி கூட்டி இன்னொருக்கா பாடினாங்களாம், டிவிடியைக் கேட்டாலே தெரியுமாம். ஐயா, அது PAL-ங்கிற டிவி சிஸ்டம் செய்ற வேலை. ஃபிலிம் செக்கனுக்கு 24 பிரேம், பால் டிவிடி 25. அப்படியே வேகமா ஓட்டி ஏத்திடுறாங்க. ஒரு மணி நேரப் படம் 57 நிமிஷம் 36 செக்கன்ல முடியும். சுருதியும் கூடவே ஏறும்.

ஹட்டன் குயில்: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ஒரிஜினல் இசைத்தட்டு கையில இருக்கு. டிவிடியில முழுசா அரைக்கட்டை கூட. காது இருக்கிறவங்களுக்குக் கேக்கும்.

பதுளை ரேடியோ: 24க்கு 25ன்னா ஏறுறது சுமார் 70 சென்ட், அதாவது சுருதியை அளக்கிற அலகு. அரைக்கட்டைக்கு 100 வேணும். மிச்சம் 30ஐ யார் பாடினாங்களாம்?

ஹட்டன் குயில்: கம்ப்யூட்டர்ல வீடியோ ஓட்டுற விஎல்சியில வேகத்தை 0.96, அதாவது 25க்கு 24, வச்சுப் பார்த்தாச்சு. பாட்டு மெதுவாச்சு, சுருதி அசையல. உங்க தியரி அவ்வளவுதான்.

பதுளை ரேடியோ: அசையாது. ஆடியோ செட்டிங்ல ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’ டிக் இருக்கும், அதை எடுக்கணும். ஒலியைத் திருத்துற ஒடாசிட்டின்னா ‘சேஞ்ச் டெம்போ’வைத் தொடாதீங்க, ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ல 0.96 போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு பல்லவியில இருந்து அடுத்த பல்லவி வரைக்கும் ரெண்டுலயும் நேரம் எடுங்க. தட்டுல 100 செக்கன்னா டிவிடியில 96 வரும். முழுப் பாட்டை அளக்காதீங்க, படத்துல வெட்டியிருக்கலாம். புதுசாப் பாடியிருந்தா வேகமும் சுருதியும் ஒரே விகிதத்துலயா ஏறும்?

மஸ்கெலியா மணி: குயில் அண்ணே, உங்க டேர்ன்டேபிள் பெல்ட்டைப் பாருங்க. தளர்ந்து நூத்துக்கு ஒண்ணேமுக்கால் மெதுவாச் சுத்தினா அந்த 30 சென்ட் வந்துரும். நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு, நிமிஷத்துக்கு 33⅓ சுத்து வேகத்துக்கு, தட்டு மேல வச்சு வேகம் பாக்கிற ஸ்ட்ரோப் தாள்ல 180 கோடு. வேகம் சரின்னா சிமிட்டுற வெளிச்சத்துல கோடு நிக்கிற மாதிரி தெரியும். கோடு பின்னால நகர்ந்தா வேகம் குறைவு. பழைய டியூப் லைட்ல பாருங்க, பல எல்இடி பல்பு சிமிட்டாது.

ஹட்டன் குயில்: என் டேர்ன்டேபிளைப் பத்திப் பேச நீ யாரு தம்பி? போன தடவையும் பதுளைக்கு ஜால்ராதான் போட்ட.

கொட்டகலை வாசகன்: டெல்லியில வேலை தேடி அலைஞ்சு, பட்டினி கிடந்து, கடைசியில முடிவெட்டப் போற ஆளோட கதை. கொழும்புக் கடைகள்ல நிக்கிற நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது. நீங்க சென்ட் அளக்கிறீங்க. அதோட இது தெலுங்கு டப்பிங்தானே?

பதுளை ரேடியோ: டப்பிங்கா! தமிழ் வந்தது 1980, தெலுங்கு ‘ஆகலி ராஜ்யம்’ 1981. இதுல பாரதி பாட்டு, அதுல ஸ்ரீஸ்ரீ கவிதை. படத்தைக் காட்டுறதுன்னா சப்டைட்டிலையும் பாருங்க. 24க்குச் செஞ்சதை 25ல ஓட்டினா மணிக்கு 2 நிமிஷம் 24 செக்கன் பிந்தும்.

கொட்டகலை வாசகன்: தமிழ்ப் படத்துக்கு எங்களுக்கு எதுக்குய்யா சப்டைட்டில்?

ஹட்டன் குயில்: ஸ்ரீதேவி சந்தம் கொடுக்க கமல் வரி போடுற சீன் அது. அதுக்குத் தனியாத்தான் பாடியிருப்பாங்க.

பதுளை ரேடியோ: 96 வந்துச்சா, இல்லையா?

ஹட்டன் குயில்: சுருதி கூட. அவ்வளவுதான்.

பதுளை ரேடியோ: 96 வந்துச்சான்னுதான் கேட்டேன்.