நித்யா வளைகாப்பு – சனிக்கிழமை, ஆரோரா

24 ஏப்ரல் 2025, வியாழன்

சாந்தி (மாலை 6:42): எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சனிக்கிழமை பத்தரைக்கு ஹாலைத் திறந்துவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதினொரு பேர், மிச்சிகன் நோவையில் இருந்து காரில் வருகிறார்கள். கலந்த சாதம் ஐந்து வகை. புளியோதரை மீனா. எலுமிச்சை நான். தேங்காய் சாதம் யார்?

மீனா: புளிக்காய்ச்சல் தயார் அக்கா

குமார்: 👍

சாந்தி: அந்தக் கட்டைவிரல் எதற்கு குமார்? தேங்காய் சாதத்துக்கா? வளையல் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது?

குமார்: பத்திரமாக இருக்கிறது அக்கா

சாந்தி: எங்கே

குமார்: கார் டிக்கியில்

சாந்தி: கார் எங்கே

குமார்: கிரீன் பே

மீனா: போச்சு

சாந்தி: வேலை நாளில் உனக்கு அங்கே என்ன வேலை?

ரவி: அண்ணி, இன்றைக்கு அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லின் டிராஃப்ட். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை 32 அணிகளும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. இன்று முதல் சுற்று, நாளை இரண்டும் மூன்றும், சனிக்கிழமை மீதி. இந்த வருடம் அதை கிரீன் பே அணியின் லாம்போ மைதானத்துக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். உங்கள் தம்பி மில்வாக்கியிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய், தலையில் சீஸ் தொப்பியோடு நிற்கிறார். வளையலும் அவரோடு நிற்கிறது.

குமார்: பொறாமை மச்சான்

சாந்தி: கண்ணாடி வளையல் குமார். மீனாட்சி கோயில் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கியது. பச்சை மேலே, சிவப்பு கீழே என்று அடுக்கி வைத்தேன். மேலே எதையும் வைக்காதே.

குமார்: மேலே நாற்காலி மட்டும்தான்

சாந்தி: குமார்!!

குமார்: எடுத்துவிட்டேன் அக்கா, எடுத்துவிட்டேன்

அருண் (7:20): கேம் வார்ட் முதலாவது. டென்னஸி.

அருண்: ஐயோ, ஜாக்சன்வில் இரண்டாவது இடத்துக்கு ஏறிவிட்டது. டிராவிஸ் ஹன்டர்

பிரவீன்: கிளீவ்லாண்டுக்கு அடுத்த வருட முதல் சுற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்

ரவி: ஒரு இடம் முன்னால் ஏற அள்ளிக் கொடுப்பது எப்படி முடியும் என்று எங்களைக் கேளுங்கள் மாப்பிள்ளை. 2017ல் எங்கள் சிகாகோ அணி மூன்றாவது இடத்தில் இருந்தது. இரண்டாவது இடத்துக்கு ஏற சான் பிரான்சிஸ்கோவுக்கு மூன்று வாய்ப்புகளைத் தூக்கிக் கொடுத்தோம். எதற்கு? கல்லூரியில் 13 ஆட்டம் மட்டுமே தொடக்கத்திலிருந்து ஆடிய மிட்சல் டிரபிஸ்கிக்கு. அதே இரவு பத்தாவதாகப் போனவர் பாட்ரிக் மஹோம்ஸ், இன்று பெரிய நட்சத்திரம். இன்று நம் இடமும் பத்து. அதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மீனா: வயிற்றைக் கலக்குவது மத்தியானம் சாப்பிட்ட மிளகாய் பஜ்ஜி

குமார்: இந்த 2017 கதையை நித்யா கல்யாணத்திலும் சொன்னார். மணமேடை பக்கத்தில் நின்று.

நித்யா: தாலி கட்டும்போது மாமா

பெரியப்பா (மதுரை): இனிய வெள்ளி காலை வணக்கம். அம்மன் அருள் கிடைக்கட்டும். [படம்]

பெரியப்பா (மதுரை): யார் பத்தாவது? அருணா? எந்தப் பரீட்சை?

அருண்: பரீட்சை இல்லை பெரியப்பா, ஃபுட்பால்

பெரியப்பா (மதுரை): பத்தாவது வருவதற்கா இவ்வளவு பேச்சு

குமார்: சிகாகோவுக்கு அதுவே பெருமை பெரியவரே

அருண்: ஜென்ட்டி போய்விட்டான். ஆறாவது. லாஸ் வேகஸ்.

ரவி: போகட்டும். ஓடுகிறவன் எங்கே வேண்டுமானாலும் கிடைப்பான். எனக்கு எதிரணியைத் தடுக்க லைனில் நிற்க ஓர் ஆள் வேண்டும்.

அருண்: மெம்பூவும் போனான். ஜெட்ஸ்.

ரவி: கெல்வின் பேங்க்ஸ் இருக்கிறான், பதறாதே

அருண்: ஒன்பதாவது. நியூ ஆர்லியன்ஸ். கெல்வின் பேங்க்ஸ்.

ரவி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: நான் பார்த்துவிட்டேன். குழந்தை பிறக்கப் போகிற வீட்டுக் குழுவில் அப்படியா எழுதுவது

அருண் (8:17): நம் பத்தாவது இடம், லவ்லண்ட்!! கோல்ஸ்டன் லவ்லண்ட்!!

பிரவீன்: எங்கள் மிச்சிகன் பையன்

ரவி: டைட் எண்டா? தடுக்கவும் பந்து பிடிக்கவும் நிற்கிற ஆளா? ஏற்கெனவே கோல் கெமட் இருக்கிறாரே. 2023ல்தானே அவருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்?

மீனா: வீட்டில் ஒரு கிரைண்டர் இருக்கும்போதே இன்னொன்று வாங்கி வந்தவர் கேட்கிறார் பாருங்கள்

குமார்: இங்கே கூட்டம் முழுக்க ஊ ஊ என்று கத்துகிறது. நானும் கத்தினேன். தொண்டை போய்விட்டது.

சாந்தி: தேங்காய் சாதம் யார் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை

பிரவீன்: சித்தப்பா, உங்கள் புதுக் கோச் பென் ஜான்சனுக்குத் தெரியும். டெட்ராய்ட்டில் எங்களுக்கு அவர்தானே ஆட்டத்தை வகுத்தார். 15 வெற்றி, 2 தோல்வி. நான் உங்கள் வீட்டுப் பெண்ணை எடுத்தேன், நாங்கள் எங்கள் கோச்சைக் கொடுத்தோம். கணக்கு நேராகிவிட்டது.

ரவி: இன்னும் சீர் பாக்கி இருக்கிறது மாப்பிள்ளை. லீக் கோப்பையான சூப்பர் பவுல் வந்தால்தான் கணக்கு முடியும்.

குமார்: 1985 அணியைத் தவிர வேறு கதை உண்டா உங்களுக்கு? நீங்கள் சிகாகோவுக்கு வந்ததே 1998ல். அந்தக் கோப்பைக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?

குமார்: கோச், லைன் எல்லாம் இருக்கட்டும். உங்கள் குவாட்டர்பேக்கைச் சொல்லுங்கள். தலைவன் என்றால் ஒரு கம்பீரம் வேண்டாமா? கேலப் வில்லியம்ஸ் நகத்துக்குச் சாயம் பூசுகிறான். கல்லூரியில் தோற்றதும் கேலரியில் ஏறி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான்.

மீனா: அவன் அம்மாவின் தொழிலே நக அலங்காரம்தான். பூசினால் என்ன

நித்யா: நானும் சனிக்கிழமைக்கு நகத்துக்குச் சாயம் பூசப் போகிறேன், கம்பீரம் குறையுமா மாமா?

சாந்தி: அழுதால் என்ன குமார். அப்பா போனபோது நீ அழாமல் நின்றாய். அப்புறம் ஒரு வருடம் யாரிடமும் பேசவில்லை. அதுதான் கம்பீரமா?

குமார்: அக்கா, அது வேறு

பெரியப்பா (மதுரை): யார் அழுதது

அருண்: கேலப், பெரியப்பா. பந்தை எறிகிறவன். போன வருடம் டிராஃப்டில் முதலாவதாக நாங்கள் எடுத்தோம்.

ரவி: அண்ணா, நான் விளக்குகிறேன். குவாட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கி, இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குள் எதிரணியினர் வந்து அமுக்காமல் தடுக்க முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். அதுதான் லைன். போன வருடம் கேலப்பை 68 முறை கீழே தள்ளினார்கள். அப்படியும் 17 ஆட்டத்திலும் இறங்கினான். நடு சீசனில் ஆட்டம் வகுக்கிறவரை நீக்கினார்கள், மாதம் முடிவதற்குள் தலைமைக் கோச்சையும் நீக்கினார்கள். தொடர்ந்து 10 தோல்வி. இதில் தலைமைப் பண்பு இல்லை என்று சொல்கிறவர் முதலில் 68 முறை விழுந்து எழுந்து காட்டட்டும். அதனால்தான் மார்ச்சில் ஜோ தூனியைக் கொண்டு வந்தார்கள். நான்கு சூப்பர் பவுல் மோதிரம் வைத்திருப்பவர். அவர் நடுவில் நிற்பார், ஓரத்தில் யார் என்பதுதான் என் கவலை.

பெரியப்பா (மதுரை): 68 முறையா? பையன் உயிரோடு இருக்கிறானா?

அருண்: இருக்கிறான் பெரியப்பா. ஜனவரியில் குமார் மாமா ஊரிலேயே போய் ஜெயித்துவிட்டு வந்தான். 24-22. கடைசி விநாடியில் சாண்டோஸ் 51 கஜத்திலிருந்து உதைத்தார்.

குமார்: அதற்கு முன் தொடர்ந்து 11 தடவை நாங்கள் ஜெயித்தோம், அதையும் சொல் தம்பி

குமார்: எங்கள் முறை வேறு. எங்கள் குவாட்டர்பேக்குகள் ராட்ஜர்ஸ் 24வது, லவ் 26வது. இரண்டு பேரையும் மூன்று வருடம் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தோம். நீங்கள் வந்த அன்றைக்கே சிம்மாசனத்தில் ஏற்றிவிட்டு, பிறகு சிம்மாசனத்தோடு சேர்த்துத் தள்ளிவிடுகிறீர்கள்.

ரவி: இதில் மட்டும் மச்சான் சொல்வது சரி

மீனா: ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்

பிரவீன்: போன நவம்பர் தேங்ஸ்கிவிங் ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? கையில் டைம்அவுட் இருந்தும் யாரும் கூப்பிடவில்லை, நேரம் அப்படியே கரைந்தது. அது கேலப் தப்பா, கோச் தப்பா?

அருண்: கோச். மறுநாளே வேலை போய்விட்டது.

ரவி: ஞாபகம் இல்லாமலா. அன்று கோபத்தில் அண்ணி வீட்டில் சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

சாந்தி: ரவி தம்பி, அன்று நீங்கள் எழுந்து போனது டைம்அவுட்டுக்காக இல்லை. மதுரையிலிருந்து ஃபோன் வந்த பிறகுதான் போனீர்கள்.

மீனா: அக்கா

சேகர்: விடு சாந்தி

பெரியப்பா (மதுரை): அந்த வீட்டுப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம். தரகரிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ரவி: இன்னுமா? அண்ணா, தனியாகக் கூப்பிடுகிறேன்.

நித்யா: என் வளைகாப்பு எந்தச் சுற்றில் வருகிறது என்று யாராவது சொல்லுங்கள்

குமார் (10:05): 23வது!!! மேத்யூ கோல்டன்!! டெக்ஸாஸ்!! 2002க்குப் பிறகு முதல் சுற்றில் பந்து பிடிக்கிற ரிசீவர் எடுத்திருக்கிறோம்!! இங்கே ஊரே ஆடுகிறது!!

சாந்தி: நீ ஆடு. டிக்கியைச் சாத்தினாயா?

25 ஏப்ரல் 2025, வெள்ளி

சாந்தி (காலை 9:15): நேற்றுக் கேட்டது அப்படியே நிற்கிறது. தேங்காய் சாதம்.

குமார்: நான் வாங்கி வருகிறேன் அக்கா

சாந்தி: வாங்கியா? வளைகாப்புக்கா?

மீனா: நானே செய்கிறேன் அக்கா, விடுங்கள்

குமார்: இல்லை இல்லை, தாய்மாமன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். இவளிடம் சொல்கிறேன்.

மீனா: அவர்களுக்குத் தெரியுமா இது?

அருண் (மாலை 6:40): 39வது இடம், லூதர் பர்டன். மிசௌரி. ரிசீவர்.

ரவி: இந்த 39வது இடம் யாருடையது தெரியுமா? 2023ல் முதல் இடத்தை கரோலினாவுக்குக் கொடுத்து வாங்கிய மூட்டையில் கடைசி உருப்படி. அதே மூட்டையில் டி.ஜே. மூர் வந்தார். அவர்களுடைய அடுத்த வருட முதல் சுற்று வாய்ப்பும் அதில் இருந்தது; அவர்கள் 2 வெற்றி, 15 தோல்வி என்று முடித்ததால் அது முதல் இடமாகி கேலப்பும் வந்தான். எங்கள் ஜெனரல் மேனேஜர் ரயன் போல்ஸ் செய்த நல்ல காரியம் இது ஒன்று. 2017ல் அவர் கான்சஸ் சிட்டியில் வேலை பார்த்தார். மஹோம்ஸை எடுத்த இடத்தில்.

மீனா: மறுபடி 2017

ரவி: ஆனால் மறுபடி பந்து பிடிக்கிறவன்தானா? தடுக்கிறவன் எங்கே?

பிரவீன்: பொறுங்கள் சித்தப்பா

அருண் (7:50): 56வது. ஆஸி டிரபிலோ. பாஸ்டன் காலேஜ். டாக்கிள், லைன் ஓரத்தில் தடுக்கிறவன்!

ரவி: அப்பாடா. போல்ஸும் பாஸ்டன் காலேஜ் லைன்காரர்தான். ஆளைப் பார்த்துத்தான் எடுத்திருப்பார். இனி நிம்மதியாகத் தூங்குவேன்.

மீனா: முதலில் நூறு வாழையிலை கழுவிவிட்டுத் தூங்குங்கள்

சாந்தி: குமார், எங்கே இருக்கிறாய்?

சேகர்: பேசினேன். ஷெபாய்கன் தாண்டிவிட்டான். வளையல் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறதாம்.

நித்யா: ஹாலில் நாற்காலி எத்தனை அம்மா? ஐம்பதா அறுபதா?

சாந்தி: நாளைக்குப் போய்ப் பார்க்கலாம்

ரவி: அண்ணி, ஒன்று கேட்க வேண்டும். நாளை நான்காம் சுற்று பதினொரு மணிக்கு ஆரம்பம். ஹாலில் டிவி இருக்கிறதா?

மீனா: இல்லை

ரவி: அண்ணியைக் கேட்டேன்

பிரவீன்: எங்கள் அப்பாவும் இப்போதுதான் அதைக் கேட்டார்