இடரா, ஊறா, ஆபத்தா? ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு சொல் வேண்டும்

நாகை மாவட்ட ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். மாணவர்களே கணினியில் இயக்கிப் பார்க்கும் ஆழிப்பேரலைப் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். திரையில் ஒரு கடற்கரை ஊர். வீடுகளைக் கரையிலிருந்து தள்ளி வைக்கலாம், அலையாத்தி நடலாம், எச்சரிக்கைச் சங்கு வைக்கலாம். அப்புறம் அலையை வரவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே அலைதான், அழிவு மட்டும் மாறும். பாடத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. அழிவுக்குப் 'பேரிடர்' இருக்கிறது. அலை, புயல், நிலநடுக்கம் இவற்றுக்குப் பொதுச்சொல், அதாவது 'ஹசார்ட்'டுக்கு, என்ன? 'இடர்' என்றால் சின்னப் பேரிடர் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை குரல் பதிவு.

யாழ்ப்பாண நண்பர்:
எங்களிடம் அழிவுக்கு 'அனர்த்தம்'. அனர்த்த முகாமைத்துவ நிலையம் என்றே அலுவலகம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் 'இடர்' அலைக்கு மிஞ்சும், குழப்பமும் தீரும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
குழப்பம் தீர வடசொல்தானா கிடைத்தது? 'ஊறு' இருக்கிறதே. உறு என்பது நீண்டு ஊறு. படு பாடானதும் கெடு கேடானதும் போல, முதனிலை திரிந்த தொழிற்பெயர். வந்து உறுவது ஊறு. 'ஊறொரால் உற்றபின் ஒல்காமை' என்கிறார் வள்ளுவர். வருமுன் விலகுவது ஒன்று, வந்தபின் தளராதது ஒன்று. உங்கள் பாடம் முழுக்க அந்த ஓரடியில் இருக்கிறது அம்மா. 'இயற்கை ஊறு' என்றே வையுங்கள்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, இலக்கணம் சரி. ஆனால் வள்ளுவரே இன்னொரு குறளில் 'சுவைஒளி ஊறுஓசை' என்ற இடத்தில் ஊறு என்று சொல்வது தொடுஉணர்வை. இன்றைய பிள்ளைக்கோ ஊறுகாய்தான் நினைவுக்கு வரும். 'இடர்' இன்னும் சிக்கல், வங்கி, காப்பீட்டு ஆவணங்களில் அது 'ரிஸ்க்'குக்குப் போய்விட்டது.

இந்தோனேசியாவின் சிமலூவே தீவில் 'ஸ்மோங்' என்று ஒரு சொல். 1907 பேரலைக்குப் பிறகு பாட்டிமார் கதையாகச் சொல்லி வந்தது: நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் ஸ்மோங், மேட்டுக்கு ஓடு. 2004இல் நடுக்கத்தின் மையம் அந்தத் தீவுக்கு அருகில்தான் இருந்தது. தீவில் 70,000 பேருக்கு மேல், அலையில் இறந்தவர்கள் பத்துக்கும் குறைவு. கேட்டதும் கால் நகர வேண்டும், அதுதான் சொல். என் வாக்கு 'இயற்கை ஆபத்து'க்கு.

தமிழாசிரியர்:
'ஆபத்து' மட்டும் தமிழா? மேலும், ஸ்மோங்கும் முதல்நாளே எல்லோருக்கும் புரிந்திருக்காது. சொல்லிச் சொல்லித்தான் பழகியிருக்கும். ஊறையும் பழக்கலாம்.

ஆசிரியை:
இன்று வகுப்பில் மூன்றையும் திரையில் மாற்றி மாற்றிப் போட்டேன். 'ஆபத்து' என்றபோது ஒரு மாணவி, "ஆளில்லாத தீவுல அலை அடிச்சா யாருக்கு ஆபத்து, மிஸ்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கிவிடலாம் போலிருக்கிறது. நேரமில்லை, குரல் பதிவில் 'இயற்கை ஆபத்து' போகிறது. ஐயாவின் 'ஊறு' சொற்பட்டியலில் குறளோடு இருக்கும்.

யாழ்ப்பாண நண்பர்:
சரி. எங்கள் பள்ளிகளுக்கான பதிப்பில் 'அனர்த்தம்' இருக்கட்டும்.

தமிழாசிரியர்:
பட்டியலில் மட்டும் போதாது. அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.