பச்சை விளக்கு எரிந்ததும் வழுக்கிய பின்சக்கரம்: டெல்டா பட்டறைக்காரர்களின் டிராக் ரேஸ் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து:
சென்னைப் பக்கம் நடந்த, இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் நேர்கோட்டில் பாயும் 402 மீட்டர் டிராக் ரேஸ் போட்டியில் பச்சை விளக்கு எரிந்த அந்த நொடி இன்னும் என் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. முதல் நாள் பயிற்சியில், கிளட்சை விட்டதும் முன்சக்கரம் தூக்கும் அளவுக்கு எங்கள் யமஹா ஆர்எக்ஸ் 135 பைக் தடத்தைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தது. இரவு பெய்த மழை, தடத்தில் படிந்து பிடிப்பைத் தந்த டயர் ரப்பரைக் கழுவிவிட்டது. மறுநாள் இடத் தடத்தில் ஒரு வண்டி எண்ணெய் சிந்தியதால், அதைத் துடைத்து முடிக்கும்வரை வலத் தடத்தில் மட்டுமே வண்டிகள் ஓடின. எங்களுக்குக் கிடைத்ததோ இடத் தடம். கிளட்சை விட்டவுடன் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது, வால் பக்கம் சரிந்தது, பக்கத்து வண்டி அதற்குள் போய்விட்டது. பிறகு இரு தடங்களிலும் காலணியை ஊன்றித் திருகிப் பார்த்தேன். வலப்பக்கம் அடிப்பாகத்தைப் பிடித்து இழுத்தது, இடப்பக்கம் கண்ணாடியில் வைத்ததுபோல் வழுக்கியது.

மன்னார்குடியிலிருந்து:
அண்ணன் தடத்தையே குறை சொல்கிறார். மழைக்குப் பிந்தைய காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை, சக்கரம் வழுக்கியதற்கு அதுதான் காரணம். 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் முழுமையாக நிறைந்த காற்றில் ஏறக்குறைய 4 விழுக்காடு நீராவிதான், ஆகவே அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று மெலிந்த கோவைக்கு வண்டியைக் கொண்டு போனபோது, நம் டெல்டாவின் தாழ்நிலத்தில் சரியாக ஓடிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) அங்கே பெட்ரோலை அதிகமாக விட்டு, மூன்றாம் கியரில் இன்ஜின் திணறியது. ஓர் அளவு சிறிய ஜெட்டைப் போட்ட பிறகே சத்தம் தெளிந்தது. அந்தத் திணறல் இன்றும் என் காதில் இருக்கிறது.

திருவாரூரிலிருந்து:
என் அனுபவம் சிறியது. அறுவடைக் காலத்தில் பட்டறை வாசல் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது; அதன் வழியே வண்டியை உருட்டிச் சென்று ஏற்றினோம், புறப்படும் கோட்டருகே பார்த்தபோது டயர் முழுவதும் பதர் ஒட்டியிருந்தது. அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன்: புறப்படுமுன் ஈரத்துணியால் டயரைத் துடையுங்கள், பிறகு சக்கரத்தைச் சுழற்றிச் சூடேற்றுங்கள். தடத்தின் வெப்பத்தைக் கையடக்க லேசர் வெப்பமானியால் அளந்து ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எழுதி வையுங்கள், ஏனெனில் உச்சி வெயிலில் தார் அளவு மீறிச் சூடேறும்போது மேலே படிந்த ரப்பர் இளகிப் பிடிப்பு குறைகிறது. பிடிப்பு குறைந்த தடத்தில் புறப்படும் ஆர்பிஎம்மை (இன்ஜின் சுழலும் வேகத்தை) குறையுங்கள். அதுவும் போதவில்லையென்றால் சங்கிலியை ஓட்டும் முன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டுங்கள், சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை தணியும். டயர் காற்றைச் சிறிது சிறிதாகவே மாற்றுங்கள். முழு நேரத்தைவிட முதல் 60 அடிக்கான நேரத்தைக் கவனியுங்கள். தடம் பிடிக்கிறதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அமெரிக்காவில் 2008இல் திறக்கப்பட்ட சார்லட் தடத்தை முழுவதும் கான்கிரீட்டில் அமைத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் போட்டிக்கு முன் பிசின் தெளித்து, ரப்பரை இழுத்துப் படியவைக்கிறார்கள். நம்மவர்கள் நெடுஞ்சாலையில் பழகிப் பார்ப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். உயிருக்கு ஆபத்து என்பதோடு, அந்தச் சாலையில் செய்த செட்டிங் போட்டித் தடத்துக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

மயிலாடுதுறையிலிருந்து:
மன்னார்குடி நண்பரின் கணக்கு சரி, முடிவு தவறு. காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் இன்ஜினின் சக்தி குறையும். சக்தி குறைந்தால் சக்கரம் சுழல்வது குறைய வேண்டுமே தவிரக் கூடக் கூடாது. கும்பகோணத்து அண்ணனின் காலணிச் சோதனையே தடம்தான் காரணம் என்பதற்குச் சான்று. எனக்கும் ஒரு போட்டியில் இதேபோல் நேர்ந்தது: ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர், ஒரே ஜெட், காலையில் வழுக்கிய அதே தடம், பல வண்டிகள் ஓடிய பின் மாலையில் அப்படிப் பிடித்ததில் புறப்படும்போதே இன்ஜின் அடங்கி நின்றுவிட்டது. அண்ணா, அன்று உங்கள் 60 அடி நேரச் சீட்டு இருந்தால் இரண்டு நாள் எண்களையும் இங்கே பதியுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.