மயில்துத்தத் (காப்பர் சல்ஃபேட்) தண்ணீரில் முக்கி எடுத்தால் அது முலாமா?

பிறை_பட்டறை:
நேற்று இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தார்: "இரும்பு போல்ட்டை மயில்துத்தத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் செம்பு முலாம் தயார். கரெண்டே வேண்டாம். கடற்கரையில்கூடத் துருப்பிடிக்காது." முப்பது வருடம் ஆசிட் வாடையில் நின்றவன் சொல்கிறேன். கட்டைவிரலால் ஒரு தேய் தேயுங்கள், செம்பு விரலோடு வந்துவிடும்.

செந்தூல்காரன்:
அந்தத் தம்பி நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம் அண்ணே. படம் போட்டிருக்கிறேன், செம்பாகத்தானே மின்னுகிறது?

பிறை_பட்டறை:
படத்தைத் தேய்க்க முடியாது தம்பி. போல்ட்டைத் தேயுங்கள்.
இரும்பு கரைகிற இடத்தில் செம்பு பொடியாக வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். அதனால்தான் இரும்புக்கு முதலில் சயனைட் கலந்த செம்புத் தொட்டியிலோ நிக்கல் தொட்டியிலோ மெல்லிய அடிப்பூச்சு. அப்புறம்தான் ஆசிட் செம்புத் தொட்டி. அங்கே சதுர டெசிமீட்டருக்கு 1 ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் விட்டால் 13 மைக்ரான் அளவுக்கு ஏறும். தேய்த்தால் வராது.

பாயான்_லெப்பாஸ்_டெக்:
துருவைப் பற்றிப் பேச்சையே காணோமே. செம்புப் பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும், அடியில் இருக்கும் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். துத்தநாகம் என்றால் கீறல் விழுந்தாலும் அதுதான் முதலில் அரிபடும். கடலோரத்துக்கு ஜிங்க் போடுங்கள்.

செந்தூல்காரன்:
அமெரிக்க 1 சென்ட் காசு 1982 முதல் உள்ளே துத்தநாகம், மேலே செம்பு முலாம். அது மட்டும் எப்படி நிற்கிறதாம்?

பிறை_பட்டறை:
கரெண்டில் ஏற்றியதால் நிற்கிறது. ஓரத்தை அரத்தால் ராவி ஆசிட்டில் போட்டால் துத்தநாகம் கரைந்து செம்புக்கூடு மிஞ்சும். அந்தக் கூட்டையும் தேய்த்துப் பாருங்கள், வராது. உங்கள் போல்ட்டைத் தேய்த்தீர்களா?

பட்டர்வொர்த்_அக்கா:
தேய்க்கிற பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் அம்மாவின் குத்துவிளக்குக்கு முலாம் போட 180 ரிங்கிட் வாங்கினீர்களே, கார்த்திகைக்குப் புளி போட்டுத் தேய்த்தேன், தோல் தோலாக உரிந்தது.

பிறை_பட்டறை:
முலாம் போட்ட விளக்கை யார் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னது?

பட்டர்வொர்த்_அக்கா:
ஓ, உங்கள் கட்டைவிரல் மட்டும்தான் தேய்க்கலாமா?

செந்தூல்காரன்:
ஆக, கரெண்ட் வைத்தாலும் உரிகிறது!

பிறை_பட்டறை:
திரிக்குழியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு. காஸ்டிக் சோடாவில் இரண்டு முறை போட்டும் போகவில்லை. பிசுக்கின்மேல் எந்த முலாமும் நிற்காது. அன்றைக்கே சொன்னேன்.

பட்டர்வொர்த்_அக்கா:
சொல்லவில்லை.

பிறை_பட்டறை:
சொன்னேன்.

பாயான்_லெப்பாஸ்_டெக்:
ஜிங்க்...

செந்தூல்காரன்:
பினாங்குக்காரர்களுக்கு நாசி கண்டார் சோற்றிலிருந்து முலாம் வரை எல்லாம் தங்களுக்குத்தான் தெரியும் என்று நினைப்பு.

பிறை_பட்டறை:
கோலாலம்பூரில் கட்டைவிரல் கிடைக்காதா லா? தேய்த்தீர்களா இல்லையா?

செந்தூல்காரன்:
போல்ட்டை மோட்டாரில் மாட்டியாயிற்று. இப்போது கழற்ற வரவில்லை.

பிறை_பட்டறை:
துருப்பிடித்து இறுகிவிட்டது. படத்தில் ஓரத்தில் சிவப்பாகத் தெரிகிறதே.

செந்தூல்காரன்:
அது துரு இல்லை அண்ணே. செம்பு நிறம்.