பட்டனை அழுத்தியதும் வெளுத்துப்போன விண்டோ

ஒரே படம் இரண்டு இடத்தில் இருந்தால் கண்டுபிடிக்கும் சின்ன நிரல் ஒன்றை பைத்தானில், விண்டோ, பட்டன் எல்லாம் அமைக்க உதவும் டிகின்டர் வைத்து எழுதினேன். 20 படங்களை வைத்துச் சோதித்தேன், உடனே முடிந்தது. அக்கா அதை 40,000 படங்கள் இருந்த ஃபோல்டரில் ஓட்டினார். 'தேடு' பட்டன் அழுந்தியபடியே நின்றது, விண்டோ வெளுத்தது. மேலே 'பதிலளிக்கவில்லை' என்று வரவும், "கெட்டுப்போச்சு போல" என்று மூடிவிட்டார். உள்ளே வேலை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

கிளிக்கைக் கவனிப்பது, விண்டோவை வரைவது எல்லாமே ஒரே த்ரெட்டின், அதாவது நிரலுக்குள் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரே இழையின் பொறுப்பு. என் ஃபங்ஷன் முடியும்வரை அது வேறெதையும் தொடாது. 5 விநாடி இப்படிப் போனாலே விண்டோஸ் அந்த முத்திரையைக் குத்திவிடும்.

சரி என்று தேடலைத் தனி த்ரெட்டுக்கு மாற்றினேன். ஆனால் எத்தனை படம் பார்த்தாயிற்று என்று விண்டோவில் காட்டும் லேபிளையும் அங்கிருந்தே மாற்றினேன். என் கணினியில் ஓடியது. அக்காவுடையதில் ஒருநாள் ஓடும், மறுநாள் உறைந்துவிடும். எப்போதாவது மட்டும் வரும் பிழையைப் போலப் பொல்லாதது வேறில்லை.

அப்புறம்தான் க்யூவுக்கு, அதாவது த்ரெட்டுகள் செய்திகளைக் கைமாற்றிக்கொள்ளும் வரிசைக்கு வந்தேன். பின்னணி த்ரெட் எண்ணிக்கையை க்யூவில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். விண்டோவைக் கவனிக்கும் மெயின் த்ரெட், சொன்ன நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை ஓட்டும் 'ஆஃப்டர்' மூலம் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். இதிலும் ஒன்றில் இடறினேன்: ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு செய்தியைத்தான் எடுத்தேன். அதாவது விநாடிக்குப் பத்து. தேடல் முடிந்த பிறகும் லேபிள் 3,000-ஐத் தாண்டாமல் ஊர்ந்துகொண்டிருந்தது! இப்போது க்யூவை மொத்தமாகக் காலி செய்து கடைசி எண்ணை மட்டும் காட்டுகிறேன்.

'நிறுத்து' பட்டனையும் முதல் நாளே வையுங்கள். ஓடும் த்ரெட்டை வெளியிலிருந்து கொல்ல பைத்தான் வழி தருவதில்லை. 'ஈவென்ட்' ஒன்றை, 'நிறுத்து' அழுத்தினால் உயரும் கொடியாக வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதைப் பார்த்துக்கொள்ளும்படி பின்னணி த்ரெட்டிடம் சொன்னேன்.

பதில்:
நான் ஜாவா ஸ்விங் பக்கம், அதுவும் டிகின்டர் மாதிரிதான். அங்கே பின்னணி வேலையைக் கவனித்துக்கொள்ளும் ஸ்விங்வொர்க்கர் இருப்பதால் க்யூ வேலை மிச்சம். என்னைக் கவிழ்த்தது வேறு. பின்னணியில் வந்த பிழை எங்கும் தெரியவில்லை. ப்ரோக்ரஸ் பார் பாதியில் நின்றது, அவ்வளவுதான். இரண்டு நாள் தேடினேன். வேலை முடிந்ததும் ஓடும் 'டன்' மெத்தடுக்குள், முடிவை வாங்கித் தரும் 'கெட்'டை அழைத்தால்தான் அந்தப் பிழை நம் கைக்கு வரும். அழைத்தேன், ஃபைலைத் திறக்க அனுமதி இல்லை என்று அது சொன்னது.