அத்திச் செடி கிளைக்கவே மாட்டேன் என்கிறது

தொட்டியில் வைத்த சீமை அத்தி ஒற்றைக் குச்சியாகத் தோள் உயரம் வந்துவிட்டது. பக்கக் கிளை ஒன்றுகூட இல்லை. கணுக்களில் மொட்டு இருக்கிறது, அரிசி அளவில், அப்படியே தூங்குகிறது. நுனிக்குருத்தில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் அவற்றை அடக்கி வைக்கிறது என்பது தெரியும். நுனியை மட்டும் கிள்ளினால் போதுமா, இல்லை முழங்கால் உயரத்துக்கு ஒரேயடியாக வெட்டிவிடலாமா? வெறுமனே கிள்ளினால் மேலேதான் கிளைக்கும், அடி மொட்டையாகவே நிற்கும் என்று தோன்றுகிறது. எனக்கு வேண்டியது நடு திறந்த, மூன்று நான்கு கிளை உள்ள வடிவம்.

மொட்டுக்குச் சற்று மேலே பட்டையைக் கீறிவிட்டால் அது முளைக்கும் என்கிறார்கள். யாராவது செய்து பார்த்தீர்களா? எவ்வளவு ஆழம் கீற வேண்டும்? இலை உதிர்ந்து ஓய்வில் இருக்கும்போதா, துளிர் விடும் சமயத்திலா? பால் வேறு வடியும், பட்டால் அரிக்கும். சரி, அதற்குக் கையுறை இருக்கிறது. இந்த வருடக் காய் போனாலும் பரவாயில்லை. கீறிய இடத்தின் படம் இருந்தால் போடுங்களேன்.