பிரையன் ஷாஃபர் கேஸ்: அந்த பார்லேர்ந்து அவன் வெளிய வந்தானா இல்லையா?

ராத்திரி_வாசகன்:

ரெண்டு வாரமா இந்த கேஸ் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு, யார்கிட்டயாச்சும் பேசியே ஆகணும். அமெரிக்காவுல ஓஹியோ மாநிலத்துல கொலம்பஸ்னு ஊரு, அங்க 2006 ஏப்ரல் 1 விடிகாலைல காணாம போன பிரையன் ஷாஃபர், 27 வயசு, ஓஹியோ ஸ்டேட் யுனிவர்சிட்டில மெடிக்கல் ரெண்டாவது வருஷம் படிச்சிட்டு இருந்தவன். இந்த கேஸ கேள்விப்படாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன்.

மார்ச் 31 வெள்ளிக்கிழமை, லீவு ஆரம்பிக்குற ராத்திரி. சாயங்காலம் அப்பாவோட போய் சாப்பிடறான், அவங்க அம்மா இறந்து அப்ப மூணு வாரம்தான் ஆகியிருக்கு. அப்புறம் ஒரு ஃப்ரெண்ட அக்லி டூனா சலூனான்னு ஒரு பார்ல மீட் பண்றான், ஹை ஸ்ட்ரீட்ல ஒரு காம்ப்ளெக்ஸ்ல மாடில இருக்குற பார் அது, எஸ்கலேட்டர்ல ஏறி போகணும். 10 மணி வாக்குல காதலிக்கு போன் பண்ணி பேசறான், திங்கக்கிழமை ரெண்டு பேரும் மியாமி போறதா இருந்தாங்க, டிக்கெட் எல்லாம் ரெடி, அங்க வெச்சு கல்யாணத்துக்கு கேப்பான்னு தெரிஞ்சவங்க எல்லாம் எதிர்பார்த்துட்டு இருந்திருக்காங்க. அதுக்கப்புறம் ரெண்டு பசங்களும் நாலஞ்சு இடம் சுத்திட்டு, வழில பார்த்த தெரிஞ்ச பொண்ணு ஒருத்தவங்க கார்ல திரும்ப அதே பாருக்கு வராங்க. 1:15க்கு மூணு பேரும் எஸ்கலேட்டர்ல மேல போறது கேமராவுல இருக்கு. 1:55க்கு பார் வாசல்ல ரெண்டு பொண்ணுங்களோட நின்னு பேசிட்டு, பார் பக்கமா நகர்ந்து ஃப்ரேம விட்டு போறான். அவ்ளோதான். 2 மணிக்கு பார் மூடறாங்க, கூட வந்தவங்க தேடறாங்க, போன் அடிக்கறாங்க, எடுக்கல, சரி முன்னாடியே கிளம்பிட்டான் போலன்னு போயிடறாங்க. கார் அவன் வீட்டுலயே நிக்குது, பேங்க் கார்டு எதுவும் அதுக்கப்புறம் யூஸ் ஆகல, திங்கக்கிழமை ஃபிளைட்டும் போயிடுச்சு.

நான் படிச்ச எல்லா இடத்துலயும் "உள்ள போனான், வெளிய வரவே இல்ல"ன்னுதான் எழுதறாங்க. அப்படின்னா என்னதான் ஆச்சு? உள்ளயே யாராவது எதாவது பண்ணிட்டாங்களா, இல்ல பின்பக்கமா போயிட்டானா, இல்ல அவனே பிளான் பண்ணி ஓடிட்டானா? உங்க மனசுல என்ன தியரி இருக்குன்னு சொல்லுங்க. எனக்கு எதுவுமே ஒட்ட மாட்டேங்குது.

கண்காணிப்பு_கணேசு:

தம்பி, 11 வருஷமா சிசிடிவி மாட்டுற வேலைதான் பண்றேன், அதனால அந்த "வெளிய வரவே இல்ல"ங்கற வார்த்தைய பார்த்தாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுது. கேமராவுல தெரியலங்கறது வேற, வெளிய வரலங்கறது வேற. இந்த கேஸ்ல எல்லா குழப்பமும் அந்த ரெண்டையும் ஒண்ணா போட்டதுலதான் ஆரம்பிக்குது.

அங்க இருந்த கேமரால ஒண்ணு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவா திரும்பிட்டே இருக்குற டைப், இன்னொண்ணு ஆள் உக்காந்து கையால திருப்பறது. திரும்பற கேமரா இடது பக்கம் பாக்குறப்ப வலது பக்கம் குருடு. ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள ஒரு ஆள் சாதாரணமா நடந்தே தாண்டிடலாம், ஓட கூட வேணாம். இதுல 2006 ரெக்கார்டிங்க நெனச்சு பாருங்க, அப்ப நான் வேலைல சேரல, ஆனா கேமரா படத்த பதிவு பண்ற பழைய டிவிஆர் பெட்டி எத்தனையோ கழட்டியிருக்கேன், ஹார்ட் டிஸ்க்ல எடம் பத்தாம ஃப்ரேம கொறச்சு வெச்சிருப்பாங்க, முகம் எல்லாம் கட்டம் கட்டமாதான் தெரியும். பார் மூடுற நேரத்துல கும்பலா எறங்கறப்ப முன்னாடி போறவன் தோளுக்கு பின்னாடி ஒருத்தன் தலைய குனிஞ்சு போன பாத்துட்டே போனா யாருன்னு சொல்ல முடியுமா, என்னால சத்தியமா சொல்ல முடியாது.

என் கணிப்பு, அவன் அந்த எஸ்கலேட்டர் வழியாவே எல்லாரையும் போல எறங்கி போயிட்டான். நடந்தது என்னவோ அது வெளிய, தெருவுலயோ வீட்டுக்கு போற வழிலயோ நடந்தது. ஆனா எல்லாரும் பாருக்குள்ளயே தேடிட்டு இருக்காங்க.

ராத்திரி_வாசகன்:

அண்ணா இது நான் யோசிக்கவே இல்ல. ஆனா பின்பக்கம் ஒரு சர்வீஸ் வாசல் இருந்துச்சே, அது நேரா கட்டுமான வேலை நடந்துட்டு இருந்த எடத்துக்கு போகுதுன்னு படிச்சேன். போதைல அந்த வழியா எறங்கி எங்கயாவது குழில விழுந்திருந்தா? காங்கிரீட்டுக்குள்ள போயிட்டான்னு கூட நெறைய பேர் சொல்றாங்க.

கண்காணிப்பு_கணேசு:

அந்த வழில நிதானமா இருக்கறவனே நடந்து போறது கஷ்டம்னு போலீஸே சொல்லியிருக்காங்க. பொணத்த மோப்பம் புடிக்கற நாய வெச்சும் தேடினாங்க, ஒண்ணும் கெடைக்கல. நாய் தப்பே பண்ணாதுன்னு சொல்ல வரல. ஆனா காங்கிரீட் போடறதுன்னா முன்னாடி நாள் கட்டின கம்பிய காலைல பத்து பேர் சுத்தி நின்னு பாத்துட்டுதான் கொட்டுவாங்க, உள்ள ஒரு ஆள் கெடந்தா தெரியாம போகுமா சொல்லுங்க.

தேன்மொழி_க:

இத படிச்சுட்டு கமெண்ட் போடாம போக முடியல. அவனே ஓடிட்டான்னு சொல்ற தியரிய பத்தி மட்டும் பேசறேன்.

எங்கம்மா தவறி மூணாவது வாரம் நானும் ஒரு நாள் ஆபீஸ்லேர்ந்து கிளம்பி வீட்டு ஸ்டாப்ல எறங்காம கடைசி ஸ்டாப் வரைக்கும் பஸ்லயே போனேன். யாரும் என்னை தெரியாத எடமா போயிடணும்னு இருந்துச்சு, அவ்ளோ கனமா இருந்துச்சு மனசு. அதனால அந்த பையனுக்கும் அப்படி தோணியிருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். வெப்பமான தீவுக்கு போய் பேண்ட் ஆரம்பிச்சு பாட்டு வாசிச்சுட்டு இருக்கணும்னு அவனுக்கு ஆசை இருந்துச்சாம், கைல பேர்ல் ஜாம்ங்கற ராக் இசைக்குழுவோட சின்னத்த பச்ச குத்தியிருந்தான், அத வெச்சுதான் இந்த தியரியே கெளம்புச்சு.

ஆனா நான் திரும்பி வந்தேன், ஏன்னா வீட்ல அப்பா தனியா உக்காந்துட்டு இருப்பாருன்னு தெரியும். பிரையனும் அதே ராத்திரி அப்பாவோட உக்காந்து சாப்பிட்டுட்டுதான் போயிருக்கான். பொண்டாட்டிய பறிகொடுத்து மூணு வாரம் ஆன மனுஷன், அடுத்து புள்ளையும் காணோம்னு போஸ்டர் எடுத்துட்டு தெருத்தெருவா அலையறாரு. 2008 செப்டம்பர்ல புயல் காத்துல மரக்கிளை விழுந்து அவரும் இறந்துட்டாரு. அப்ப இணையத்துல இரங்கல் பக்கத்துல "அப்பாவுக்கு அன்புடன் பிரையன், வெர்ஜின் தீவுகள்"னு ஒரு குறிப்பு வந்துச்சு. அண்ணன் தம்பில மிச்சம் இருந்த ஒருத்தனுக்கு அத படிச்சப்ப நெஞ்சு எப்படி அடிச்சிருக்கும். போலீஸ் தோண்டி பாத்தா அது உள்ளூர்லயே ஒரு பொது கம்ப்யூட்டர்லேர்ந்து யாரோ வேணும்னே போட்ட பொய். அத எழுதின கைய நெனச்சா இப்பவும் எனக்கு ஆத்திரம் அடங்கல.

பணம் எடுக்காம, கார எடுக்காம, அப்பா சாவுக்கும் வராம ஒரு புள்ள எங்கயோ கிடார் வாசிச்சிட்டு இருக்கான்னு என்னால நம்ப முடியல. 2020ல மெக்ஸிகோ டிஹுவானால வீடில்லாம சுத்திட்டு இருந்த ஒருத்தர் போட்டோ வந்து அவன்தான்னு பரவுச்சு, அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ முகத்த ஒப்பிட்டு பாத்து இல்லன்னு சொல்லிட்டாங்க.

சிக்னல்_ரவி:

ஆனா அவன் காணாம போன அதே 2006 செப்டம்பர்ல அவன் போன் அடிச்சுதே அது என்ன கணக்கு? காதலி தெனமும் ராத்திரி அந்த நம்பருக்கு போன் போட்டுட்டே இருந்திருக்காங்க, நேரா வாய்ஸ்மெயிலுக்கு போகும், ஒரு நாள் மூணு ரிங் போச்சு. டவர் பாத்தா கொலம்பஸ்க்கு 14 மைல் தள்ளி ஹில்லியர்ட்.

நான் டெலிகாம்ல இருக்கேன், ஒண்ணு சொல்லணும். நம்ம காதுல கேக்குற ரிங் சத்தம் அந்த போன்லேர்ந்து வர்றது இல்ல, நெட்வொர்க் நமக்கு போட்டு காட்டற சத்தம். அந்த போன் கம்பெனியும் இது சிஸ்டம் கோளாறா இருக்கலாம்னுதான் சொன்னாங்க. நெஜமாவே போன் ஆன் ஆச்சுன்னா அஞ்சு மாசம் கழிச்சு யாரோ சார்ஜ் போட்டிருக்கணும், இல்ல ஆஃப் பண்ணி வெச்சிருந்தத ஆன் பண்ணியிருக்கணும், ஆன்லயே இருந்தா அப்ப பேட்டரி எல்லாம் சில நாளைக்கு மேல தாங்காது. யாரோ போன தூக்கி வெச்சிருந்து ஒரு தடவ ஆன் பண்ணி பாத்தாங்கன்னு எடுத்துக்கிட்டாலும், அது போன பத்தின விஷயம்தான், ஆள பத்தி எதுவும் சொல்லல. டவர் பேர வெச்சு அவன் அந்த ஊர்ல இருந்தான்னு எழுதறது ரொம்ப தப்பு.

கருப்பு_நதி:

யாரும் ஸ்மைலி ஃபேஸ் தியரிய சொல்லலயே. காலேஜ் பசங்க, குடிச்சுட்டு ராத்திரி தனியா போனவங்க, அப்புறம் ஆத்துல பொணமா கெடைக்கறாங்க, பக்கத்துல செவத்துல சிரிக்கற மூஞ்சி வரைஞ்சிருக்கு. 2008ல ரிட்டையர் ஆன நியூயார்க் டிடெக்டிவ்ஸே இத ஒரு கும்பல் பண்ற கொலைங்கன்னு சொன்னாங்க. பிரையனும் அந்த லிஸ்ட்ல வர்றான்.

ராத்திரி_வாசகன்:

நானும் முதல்ல அதுல விழுந்தேன் ப்ரோ, ரெண்டு ராத்திரி தூங்கல. ஆனா அதே 2008ல எஃப்பிஐ இந்த சாவுங்கள ஒண்ணோட ஒண்ணு இணைக்கற ஆதாரம் எதுவும் இல்லன்னு அறிக்கையே விட்டாங்க. சிரிக்கற மூஞ்சி எந்த ஊர் பாலத்துக்கு அடில இல்ல சொல்லுங்க, தேடினா கெடைக்கும். போதை, இருட்டு, குளிர்ந்த தண்ணி, ஆத்தங்கரைல ஒதுங்கறது, இது நாலும் சேந்தாலே ஒரு உயிர் போக போதும். இன்னொண்ணு, அந்த கேஸ்ல எல்லாம் பொணம் கெடச்சுது. ஓலென்டாங்கி ஆறு காலேஜ் வழியாதான் ஓடுது, ஆனா இத்தன வருஷத்துல பிரையன்னு சொல்ல எதுவும் கெடைக்கல.

எனக்கு இன்னும் உறுத்தறது ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு கூட இருந்த ஒரு ஃப்ரெண்ட், பொய் சொல்றாங்களான்னு பாக்கற பாலிகிராஃப் டெஸ்ட் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாராமே, அது ஏன்?

வக்கீல்_வாசுகி:

தம்பி, அதுல மட்டும் கை வைக்காதீங்க. என்கிட்ட ஒருத்தர் வந்து பாலிகிராஃப் எடுக்கட்டுமான்னு கேட்டா, அவர் நூத்துக்கு நூறு நிரபராதின்னு எனக்கே தெரிஞ்சாலும் வேணாம்னுதான் சொல்வேன். அந்த மெஷின் பொய்ய அளக்கறது இல்ல, இதயத்துடிப்பு, மூச்சு, வேர்வைய அளக்குது. கூட வந்தவன் காணாம போன குத்த உணர்ச்சில இருக்கறவனுக்கு அதெல்லாம் எகிறத்தான் செய்யும். நம்ம சுப்ரீம் கோர்ட்டே 2010ல செல்வி வழக்குல ஒருத்தர் சம்மதம் இல்லாம இந்த டெஸ்ட் எடுக்க கூடாதுன்னு சொல்லிடுச்சு. அமெரிக்காவுலயும் 1998ல அங்க சுப்ரீம் கோர்ட், ராணுவ கோர்ட்டுங்க இத சாட்சியமா ஏத்துக்காததுல தப்பு இல்லன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. மறுத்தது அவரோட உரிமை, யார் மேலயும் வழக்கும் பதிவாகல. இணையத்துல ஆயிரம் பேர் இத்தன வருஷமா ஒரு மனுஷன கொலகாரன்னு எழுதிட்டு இருக்காங்க, நாளைக்கு அந்த பையன் எலும்பு வேற எங்கயோ கெடச்சு அது விபத்துன்னு தெரிஞ்சா அந்த மனுஷனுக்கு யார் பதில் சொல்றது?

நான் கேக்கறது வேற. அந்த 1:55லேர்ந்து 2:15 வரைக்கும் எறங்கின ஒவ்வொரு தலைக்கும் பேர் போட்டு, அவங்கள கூப்பிட்டு விசாரிச்சாதான் கணேசு சொல்றது சரியா தப்பான்னே தெரியும். அன்னிக்கு 20, 25 வயசுல இருந்தவங்க எல்லாம் இப்ப 40 தாண்டியிருப்பாங்க. அப்ப பயந்தோ, இது ஒரு விஷயமான்னு நெனச்சோ சொல்லாம விட்டது எதாவது இருக்கும்.

தேன்மொழி_க:

ஆமாக்கா. அந்த ராத்திரி தெருவுல தனியா நடந்து போன ஒரு பையன யாரோ ஒருத்தர் கண்டிப்பா பாத்திருப்பாங்க.

ராத்திரி_வாசகன்:

தலைப்ப மாத்த முடியுமான்னு பாக்கறேன். வெளிய வந்தானான்னு கேட்டதே தப்புன்னு தோணுது. வந்துட்டான்னு வெச்சுக்கிட்டு, ஹை ஸ்ட்ரீட்லேர்ந்து அவன் வீடு வரைக்கும் மேப்ப எடுத்து இன்னிக்கு ராத்திரி முதல்லேர்ந்து பாக்கப் போறேன். கணேசு அண்ணா, நேரம் இருந்தா கூட வாங்க.